டொக்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவனிடம் “அது என்ன சத்தம்?” என்று கேட்கக் கூடாது. எந்தச் சத்தம் என்று திருப்பிக் கேட்பான். என்னுடைய 1973-ஆம் வருஷத்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் சைலென்சர் உறுமும், கியர்பாக்ஸ் முனகும், துணிக்கூரை படபடக்கும். இவையெல்லாம் நான் காசு கொடுத்து வாங்கிய சத்தங்கள். காசு கொடுக்காமல் வந்து ஒட்டிக்கொண்டது, முன்பக்க சஸ்பென்ஷனிலிருந்து ஒரு ‘டொக்’.

குழியில் ஒரு சக்கரம் மட்டும் இறங்கினால் டொக். இரண்டும் ஒன்றாக வேகத்தடையில் ஏறினால் மூச்சே விடாது. வண்டி ஓட்டும் எனக்கு அது இடது பக்கம் கேட்கும். இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் என் மனைவிக்கு வலது பக்கம் கேட்கும். “உங்க பக்கம்தான்.” “இல்லை, உன் பக்கம்.” வீட்டில் எல்லா விஷயத்திலும் இதே நடைமுறை என்பதால், இதை ஒரு தடயமாக நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தக் காரைச் செய்த தொழிற்சாலை இருந்த கவென்ட்ரியிலேயே நான் குடியிருக்கிறேன். ஆகவே நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. யார் வந்தாலும் முதல் வேலையாக பானெட்டைத் திறப்பார்கள். திறக்க ஆசை வரும் பானெட்தான் அது. மூக்கிலிருந்து முன்கண்ணாடி வரை, இரண்டு மட்கார்டும் ஹெட்லைட்டும் உட்பட ஒரே மூடி. பக்கத்துக்கு ஒன்றாக உள்ள கொக்கிகளை விடுவித்து முன்னால் கவிழ்த்தால் எஞ்சின், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில். குனிய வேண்டாம், படுக்க வேண்டாம். முன் டயர்மேல் உட்கார்ந்தே ஸ்பேனர் பிடிக்கலாம். ஒளிய இடமே இல்லாத ஊரில் திருடன் எத்தனை நாள் தப்புவான்?

முதலாமவர் ஆன்ட்டி-ரோல் பாரின் இணைப்புகளைக் குற்றம் சாட்டினார். மாற்றினோம். டொக்.

இரண்டாமவர் கண்ணில் பட்டது ட்ரன்னியன். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அது ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகிக்கொள்ளும். இதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, இ.பி. 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் என்றால் மரையின் அடிவரை இறங்காது. அங்கே ஈரம் தங்கித் துருவேறி, என்றைக்காவது இரும்பு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். இந்தத் தகவலை நான் கல்யாண வீடுகளில்கூடச் சொல்லியிருக்கிறேன். மோர்ச்சாதம் வருவதற்குள் பக்கத்து இலைக்காரர் எழுந்துவிடுகிறார். எங்கள் ட்ரன்னியனிலோ ஆயில் சொட்டச் சொட்ட இருந்தது. இருந்தாலும் அதன் புஷ்களை மாற்றினோம். டொக்.

மூன்றாமவர் பக்திமான். விஷ்போன் புஷ்களை மாற்றியதும் கடைசி முறுக்கு கொடுக்க மறுத்துவிட்டார். ஜாக்கியில் வண்டி தொங்கும்போது முறுக்கினால், இறக்கியபின் ரப்பர் முறுகியே கிடந்து சீக்கிரம் கிழிந்துவிடுமாம். சரியான பேச்சுதான். வண்டியைத் தரையில் இறக்கி, பாரத்துக்காக எங்கள் இருவரையும் சீட்டில் உட்காரவைத்து, மனைவியின் கைப்பையைக்கூட மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முறுக்கினார். பானெட்டைத் திறந்த நிலையிலேயே வண்டியைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். நிசப்தம். கைகுலுக்கிவிட்டு மூடினார். தெருமுனைகூடத் தாண்டவில்லை, டொக்.

அன்று ராத்திரி மேற்கு மாம்பலத்திலிருந்து பெரியப்பா போன் செய்தார். அவர் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்தவர். ஸ்பிட்ஃபயருக்கு ஹெரால்டு ஒன்றுவிட்ட அண்ணன் அல்ல, கூடப்பிறந்த அண்ணன். 1953-இல், கார்களுக்கு பாடி செய்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ கம்பெனியை போட்டி கார் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியைச் செய்து தர ஆள் கிடைக்காத ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப், தனிச் சட்டத்தின் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டும்படி 1959-இல் ஹெரால்டைக் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட வண்டியை எந்த ஊரிலும் பூட்டலாம். 1961-இலிருந்து மெட்ராஸிலும் பூட்டினார்கள். அந்தச் சட்டத்தைக் குட்டையாக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் வந்தது. இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியின் மிக்கேலொட்டி. ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மாம்பலத்துச் சந்துகளில் தான் ரிவர்ஸ் கியரே போட்டதில்லை என்று பெரியப்பா சொல்வார். நம்புவதும் நம்பாததும் நம் இஷ்டம்.

நான் புராணத்தை முழுக்க ஒப்பித்தேன்.

“பானெட்டைத் திறந்து வச்சு ஆட்டிப் பாத்தியே, சத்தம் வந்துதா?”

“வரலை பெரியப்பா.”

“மூடிட்டு ஓட்டினா?”

“வருது.”

“அப்புறம் எதுக்குடா பானெட்டுக்குக் கீழயே தேடுறே?”

விஷயம் அவ்வளவுதான். மூடிய பானெட்டின் பின்விளிம்பு உட்கார, பக்கத்துக்கு ஒரு ரப்பர் கூம்பு உண்டு. வயதான ரப்பர் சுருங்கிக் கல்லாகிவிட்டிருந்தது. கொக்கிகளும் தளர்வு. ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது சட்டம் லேசாக முறுகும். பானெட் கூட முறுகாமல் அங்கே போய் இடிக்கும், இரண்டு பக்கமும். மனைவியும் நானும் ஆளுக்குப் பாதி ஜெயித்தோம்.

“புதுக் கூம்பு வர்ற வரைக்கும் சைக்கிள் டியூபை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, மடிச்சு உள்ள வை. கொக்கியை ரெண்டு சுத்து இறுக்கு. நான் அப்படித்தான் ஓட்டினேன்.”

வைத்தேன். கவென்ட்ரியின் அத்தனை குழிகளிலும் ஏற்றி இறக்கினேன். வாயே திறக்கவில்லை. பெரியப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். பாராட்டையெல்லாம் அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

“கழட்டின புஷ் எல்லாம் நல்லாத்தானே இருக்கு? தூக்கிப் போட்டுடாதே. ஊருக்கு வரும்போது கொண்டுவா, டப்பாவில போட்டு வைக்கலாம்.”

“ஹெரால்டை எப்பவோ வித்துட்டீங்களே பெரியப்பா!”

“வண்டியைத்தானே வித்தேன். டப்பாவையா வித்தேன்?”