சீர்வரிசையும் சுங்கவரியும்

புதுமணப்பெண், காளவாசல்
கனடாவில் இருக்கும் கணவரிடம் நிரந்தரவாச விசாவில் போகிறேன். பெட்டி கட்டுவதை எங்கிருந்து தொடங்குவது?

பேனாவிலிருந்து, தாயி! இரண்டு பட்டியல் எழுதுங்கள். கையோடு வருவது ஒன்று, பின்னால் வரப்போவது ஒன்று. கனடாவில் இறங்கும் முதல் விமான நிலையத்திலேயே இரண்டையும் சுங்க அதிகாரியிடம் நீட்ட வேண்டும். வெறுங்கையோடு போய் இறங்கினாலும் இரண்டாவதை மறக்கக் கூடாது. அன்று பட்டியலில் ஏறியது உங்கள் உடைமை. ஏறாதது இறக்குமதிச் சரக்கு!

மணப்பெண்ணின் தம்பி, அரசரடி
கல்யாணத்துக்கு வந்த குக்கரும் மிக்ஸியும் அட்டைப்பெட்டி பிரிக்காமல் கிடக்கின்றன. புழங்கிய பொருளுக்குத்தான் வரிவிலக்காமே?

சொந்தமாக இருக்கணும், கைவசம் இருக்கணும், புழங்கியிருக்கணும். கனடாவின் நிபந்தனை இந்த மூன்றுதான். கல்யாணப் பரிசுக்கு மட்டும் மூன்றாவதில் சலுகை: போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் திருமணம் நடந்திருந்தால் பெட்டி பிரிக்காமலே போகலாம். விசா வரவே மாதக்கணக்காகிவிட்டதா? குக்கரில் நாலு விசில் விட்டு அக்காவிடம் கொடுங்கள். மிக்ஸியை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். சுங்கம் விட்டாலும் அங்கத்திய 120 வோல்ட் அதை அரைக்க விடாது!

அம்மா, எல்லீஸ் நகர்
மகளுக்குப் போட்ட நகையை எப்படிக் கொண்டுபோகச் சொல்ல?

ஒவ்வொன்றையும் படமெடுத்து, மதிப்பீட்டுச் சீட்டு வாங்கி, கனடாப் பட்டியலில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். இந்தியாவை விட்டுக் கிளம்பும்போது இங்குள்ள சுங்க மேசையில் ஏற்றுமதிச் சான்றிதழும் வாங்கட்டும். அந்தச் சான்று இல்லாவிட்டால், ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்பும் பெண்ணுக்கு வரியில்லா நகை 40 கிராம், அதாவது 5 பவுன். நம்ம ஊரில் தாலிக்கொடியே அதைத் தாண்டும்!

மாமியார், செக்கானூரணி
மருமகள் நகையைப் பட்டியலில் என் மகன் பெயரில் எழுதினால் என்ன?

எழுதினால் பொய்யாகும். சீதனம் மனைவியின் முழுச் சொத்து என்று பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. மணப்பெண்ணுக்கு வந்த பரிசுகளை எழுத்தில் பட்டியலிட வேண்டும், மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும், பட்டியல் பெண்ணிடம் இருக்க வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டு வந்ததுதான். மொய் நோட்டைத் தலைமுறை தாண்டிப் பத்திரப்படுத்தும் மதுரைக்கு இந்த ஒற்றைத் தாள் பாரமா?

பேத்தி, திருமங்கலம்
அப்பத்தாவின் வெண்கலக் குத்துவிளக்கை லண்டனுக்கு எடுத்துப்போகலாமா?

முதலில் விளக்கின் வயதைச் சொல்லுங்கள். நூறு ஆண்டு ஆகியிருந்தால் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தொல்பொருள். தனியார் யாரும் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. அரிய ஏட்டுச்சுவடிக்கு 75 ஆண்டே போதும். வயதில் சந்தேகமிருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்று சான்று வாங்குங்கள். கிடைக்கவில்லையா? பழைய விளக்கு இங்கேயே எரியட்டும். வெண்கலக்கடைத் தெருவில் புதிதாக ஒன்று வாங்கிப் போங்கள். உங்கள் பேத்தி அதை 'அப்பத்தா விளக்கு' என்பாள்!

இல்லத்தரசி, பழங்காநத்தம்
அமெரிக்க மாப்பிள்ளையிடம் போகும் மகள் பெட்டியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலைகூட வைக்கக் கூடாதா?

கூடாது. அந்த இலையில் ஒட்டிப் போகும் குட்டிப்பூச்சி, ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களுக்குத் தீராத நோயைப் பரப்பும். 2005-இல் புளோரிடாவில் தலைகாட்டிய அந்த நோய், அங்கத்திய ஆரஞ்சுத் தோப்புகளைச் சீரழித்துவிட்டது. நம் வீட்டு ரசத்துக்காக ஒரு மாநிலத்து ஜூஸைக் கெடுக்கலாமா?

சமையல் பிரியை, வாடிப்பட்டி
துபாயில் இருக்கும் கணவருக்குக் குருமா வைக்கக் கசகசா எடுத்துப்போகலாமா?

கசகசாவா, கணவரா? ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்! அபினிச் செடியின் விதை என்பதால் ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடைசெய்த பொருள். மசாலாப் பொடியில் அரைத்துக் கலந்திருந்தாலும் வம்பு வம்புதான். சிங்கப்பூரிலும் அனுமதியில்லை. முந்திரியை அரைத்து ஊற்றுங்கள். குருமாவும் தப்பிக்கும், நீங்களும் தப்பிப்பீர்கள்.

புது மருமகள், விளாங்குடி
உப்புக்கண்டத்தைச் சேலைக்குள் சுருட்டி வைத்தால் ஆஸ்திரேலியாவில் கண்டுபிடிப்பார்களா?

மனுஷன் தவறவிட்டால் மோப்ப நாய் கண்டுபிடிக்கும். பயணி அட்டையில் உண்மையை எழுதினால் போவது உப்புக்கண்டம் மட்டும். மறைத்தால் அபராதம். சிலவகைத் தற்காலிக விசாக்காரர்களுக்கு விசாவே போகும்!

வியாபாரி, மேலூர்
மகள் செலவுக்கு ரொக்கமாக எவ்வளவு கொடுத்தனுப்பலாம்?

இந்திய ரூபாய் என்றால் 25,000 வரை. கனடாவுக்குள் 10,000 கனடா டாலரோ அதற்கு மேலோ போனால் அதிகாரியிடம் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 10,000 டாலரைத் தாண்டினால் சொல்ல வேண்டும். சொன்ன பணத்துக்கு வரி கிடையாது. சொல்லாத பணத்துக்குப் பறிமுதல் உண்டு. மீதியை வங்கி வழியே அனுப்புங்கள், மகள் பெயரில் உள்ள கணக்குக்கு!

ஓய்வுபெற்ற ஆசிரியர், சோழவந்தான்
அந்தக் காலத்தில் இத்தனை கெடுபிடி இருந்ததா?

வேறு விதமாக இருந்தது ஐயா. மலாயாவில் இருந்த கணவரிடம் போனவர்கள் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' ஏறினார்கள். 1926-இல் கட்டிய அந்தக் கப்பல் பினாங்கு, சிங்கப்பூர் வரை ஓடியது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய்நொடி பார்த்த பிறகே அக்கரைக்கு விட்டார்கள். அன்று ஆளைச் சோதித்தார்கள். இன்று ஆளுக்கு முன்னால் ஊறுகாயைச் சோதிக்கிறார்கள்!

மணப்பெண், சமயநல்லூர்
போய்ச் சேர்ந்ததும் பாஸ்போர்ட், திருமணப் பதிவுச் சான்று, நகைப் பட்டியல் எல்லாவற்றையும் யாரிடம் கொடுத்து வைப்பது?

யாரிடமும் வேண்டாம். விமானத்தில் உங்கள் கைப்பையில், வீட்டில் உங்கள் அலமாரியில், சாவி உங்கள் இடுப்பில். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் ஊரில் அம்மாவிடம். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, அதை உங்களை நம்பித்தான் கொடுத்திருக்கிறார்கள். கணவருக்கு அன்பைக் கொடுங்கள், அடுப்படியில் பாதி வேலையையும் கொடுங்கள். பாஸ்போர்ட்டை மட்டும் கொடுக்காதீர்கள்!