அரை மில்லிமீட்டர் செம்பு

தொண்ணூறுகளின் கடைசியில், தெற்குக் கலிஃபோர்னியாவில் ரிமோட் கார் பந்தயத்துக்கு வருபவர்களின் மேசையைப் பார்த்தாலே யார் எவ்வளவு தீவிரம் என்று தெரிந்துவிடும். லேத் வைத்திருந்தால் ஆள் தீவிரம். இரண்டு கைக்குள் அடங்கும் இயந்திரம். அதற்கு வேலை ஒன்றே ஒன்று: மோட்டாரின் ஆர்மேச்சர் முனையிலுள்ள கம்யூட்டேட்டரைக் கடைந்து, மறுபடி வட்டமாக்குவது.

அப்போது எங்கள் பந்தயப் பிரிவில் எல்லோருக்கும் 27 கம்பிச் சுற்று ‘ஸ்டாக்’ மோட்டார். டைமிங் 24 டிகிரியில் பூட்டியிருக்கும். வைண்டிங்கில் கை வைக்கக் கூடாது. நமக்கென்று மிஞ்சுவது கம்யூட்டேட்டரை உரசி மின்சாரம் தரும் பிரஷ், அதை அழுத்தும் ஸ்பிரிங், பிறகு கம்யூட்டேட்டர். ஐந்து நிமிடம் ஓடினால் போதும், பிரஷில் எழும் தீப்பொறி கம்யூட்டேட்டரின் செம்பை அரிக்க ஆரம்பித்துவிடும். வட்டம் கெட்டால் பிரஷ் துள்ளும், துள்ளினால் பொறி கூடும், மோட்டார் சூடேறி வேகம் விழும். நேர்சாலையில் பின்னால் வந்தவன் முந்திப் போவான்.

லேத் வாங்கப் போனால் முதல் சண்டை வெட்டும் முனை வைரமா கார்பைடா என்பது. வைர முனை கண்ணாடி மாதிரி முகம் கொடுக்கும்; ஆனால் லேசாக இடித்தாலே விளிம்பு உடைந்துவிடும். கார்பைடு மலிவு, சற்று ஆடும் ஆர்மேச்சரையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். கார்பைடு விடுகிற நுண்ணிய வரிகளில் பிரஷ் சீக்கிரம் படியும் என்று வாதாடியவர்களும் உண்டு. என் கட்சி வேறு. முனை எதுவானாலும் சரி, அதைத் தாங்கும் ஸ்லைடு ஆடக் கூடாது. கடையில் நின்று கட்டை விரலால் பக்கவாட்டில் அழுத்திப் பார்ப்பேன். இம்மி அசைந்தாலும் வேண்டாம். ஸ்லோவாக்கியாவின் ஹூடி நிறுவன லேத்துக்கு அத்தனை பேர் அதிகப் பணம் கொடுத்தது இந்த ஆடாத தன்மைக்குத்தான் என்பது என் எண்ணம். அது நியாயமான செலவு.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து மேசைக்காரர், ஓய்வுபெற்ற மெஷினிஸ்ட். ஷாஃப்டின் இரு முனையையும் தாங்கிகளில் உட்காரவைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். சின்ன மோட்டாரின் ரப்பர் வளையம் ஆர்மேச்சரைச் சுழற்றும். அதற்கு முன் கறுப்பு மார்க்கரால் செம்பு முழுவதும் மை பூசிவிடுவார். முதல் வெட்டில் மேட்டில் இருக்கும் மை மட்டும் போகும். பள்ளம் கறுப்பாகவே நிற்கும். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வெட்டில் எடுக்க விடமாட்டார். “பொறு தம்பி, கறுப்பு போகட்டும். போனதும் நிறுத்திவிடு, அழகுக்காக இன்னொரு தரம் ஓட்டாதே” என்கிற அர்த்தத்தில் தன் மொழியில் சொல்வார். புது கம்யூட்டேட்டர் சுமார் ஏழரை மில்லிமீட்டர். ஏழை நெருங்கினால் ஆர்மேச்சருக்கு ஆயுள் முடிந்தது. அந்த அரை மில்லிமீட்டர்தான் கையிருப்பு.

கடைந்த பிறகும் வேலை இருக்கிறது. கம்யூட்டேட்டரின் மூன்று செம்புத் துண்டுகளுக்கு நடுவிலுள்ள இடுக்குகளில் செம்புப் பிசிறு தங்கும். ஒரு பிசிறு போதும், இரண்டு துண்டும் ஷார்ட் ஆகிவிடும். மெல்லிய கத்தி நுனியால் சுரண்டி, துடைத்து, புது பிரஷ் போட்டு, குறைந்த வோல்டில் சிறிது நேரம் சும்மா ஓடவிட்டுப் பழக்குவோம். பிரஷ் முகம் முழுதும் செம்பைத் தொட்டு மினுங்கினால்தான் காரில் ஏற்றுவது.

2000-க்குப் பிறகு ஏர்வைன் நகரத்து நோவாக் போன்ற நிறுவனங்கள் பிரஷ்லெஸ் மோட்டாரைக் கொண்டுவந்தன. பிரஷ் இல்லை, கம்யூட்டேட்டர் இல்லை, கடைவதற்கே ஒன்றுமில்லை. பராமரிப்பு போகும், செலவு குறையும், எல்லோரும் சமமாக ஓடலாம் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம், நானும் நம்பினேன். பராமரிப்பு போனது உண்மை. 27 சுற்றின் இடத்துக்கு 17.5 சுற்று பிரஷ்லெஸ் வந்தது. செலவுதான் இடம் மாறியது. ஒரே மாதிரி மோட்டாரில் நாலைந்தை வாங்கி, மீட்டரில் அளந்து, நல்ல ஸ்டேட்டரை (சுழலாத சுருள் பகுதி) வைத்துக்கொண்டு மற்றதை விற்கிறார்கள். உள்ளே சுழலும் ரோட்டருக்குத் தனிக் காசு. லேத் காலத்தில், தேய்ந்த மோட்டாரோடு வந்த பையனுக்குப் பக்கத்து மேசைக்காரர் கால் மணி நேரத்தில் வேகத்தை மீட்டுக் கொடுப்பார். இப்போது மெதுவான ஸ்டேட்டர் வாய்த்தவனுக்கு யாராலும் எதுவும் செய்ய முடியாது, வேறு வாங்கச் சொல்வதைத் தவிர. என்னை வருத்துவது இதுதான்.

ஆனாலும் புதிதாக வருபவருக்கு பிரஷ்லெஸ்தான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை முழுதும் கார் ஓட்டலாம். லேத் இப்போது பழைய கார்களைத் தேடிப்பிடித்து ஓட்டுபவர்களுக்காக உழைக்கிறது. யார் கேட்டாலும் கடைந்து தருகிறேன். டாமியா நிறுவனத்தின் கார் பெட்டியோடு வரும் வெள்ளி நிற டப்பா மோட்டாரை மட்டும் கொண்டுவர வேண்டாம். அதன் வாய் மடித்து மூடியது, பிரிக்க வழியில்லை. ஸ்க்ரூ கழற்றினால் ஆர்மேச்சர் வெளியே வருகிற மோட்டார் வேண்டும். கூடவே புது பிரஷ் ஒரு ஜோடி.