சக்கரத்தை அகட்டப் போன மருமகனுக்கு

வாங்க மருமகனே, வாங்க. டிராக்டர் எங்க? இன்னும் கரிசல்லதான் படுத்திருக்கா? ஐப்பசி மழை விட்ட மறுநாளே கலப்பையை இறக்குன வீரன் காரியாபட்டி வட்டாரத்துல நீங்க ஒருத்தர்தான். கையில என்ன, சக்கரத்தை அகட்டுற ஸ்பேசரா? செல்போன்ல பார்த்தீங்களோ? பனி நாட்டுக்காரன் மாட்டுறான், நாமளும் மாட்டுவோம்னு கிளம்பிட்டீங்க. சரிதான்.

மினி டிராக்டரை எதுக்கு வாங்குனீங்க? பருத்தி வரிசைக்குள்ள புகுந்து களை எடுக்கத்தானே? ஒல்லியா இருந்தாத்தான் நுழையும்னு தேடித்தேடி வாங்கிட்டு, இப்ப பக்கத்துக்கு 2 இஞ்ச் தகடு வச்சு 4 இஞ்ச் அகலமாக்குறீங்க. பருத்திச் செடி எந்திரிச்சு நின்னு வழி விடுமாக்கும்.

சரிவுல, வரப்போரம் சாயாம நிக்க அகலம் உதவும், அதை நான் மறுக்கல. மண்ணைப் பிடிக்கிறது வேற கதை மருமகனே. சிவகாசிக்காரன் பேப்பரைச் சுத்திச்சுத்தித் தடிமனாக்கிட்டா மட்டும் வெடி வெடிக்குமா? உள்ள மருந்து வேணும். டயருக்கு மருந்து எடை. பின் டயர்ல தண்ணி ஏத்துங்க, லிட்டருக்கு ஒரு கிலோ சும்மா கிடைக்கும். வால்வு உச்சியில இருக்கிற மாதிரி சக்கரத்தை நிறுத்தி, வால்வு மட்டத்துக்கு ஏத்துனாப் போதும், முக்கால் டயர் ரொம்பிரும். மேல காத்துக்கு இடம் விடணும். பனி நாட்டுல அந்தத் தண்ணி உறையாம இருக்கக் கால்சியம் குளோரைடு கலக்குறான். நீங்களும் கலந்துறாதீங்க, ரிம்மு துருப்பிடிச்சுப் போகும். காரியாபட்டியில தண்ணி உறையுற காலம் வந்தா அப்பப் பார்ப்போம்.

காத்தையும் கொஞ்சம் பாருங்க. மதுரை–தூத்துக்குடி நாலுவழிச் சாலையில ஓட்டுறதுக்கு அடிச்ச காத்தோட காட்டுல இறங்குனா டயர் கல்லு மாதிரி நிக்கும். கம்பெனி புத்தகத்துல உழவுக்குப் போட்ட அளவுக்குக் குறைங்க. புத்தகம் எங்கன்னு அத்தைகிட்டக் கேளுங்க, டப்பாவுக்கு அடியில விரிச்சிருப்பா.

அகலந்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறீங்களா? பல வண்டியில டிஸ்க்கையும் ரிம்மையும் திருப்பி மாட்டுனாலே அகலம் மாறும், காசு செலவில்ல. அப்படித் திருப்பும்போது இடது சக்கரத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாத்தணும். இல்லாட்டி டயர்ப் பட்டையோட கூர் பின்னால போயிரும். அந்தக் கூருதான் முதல்ல மண்ணைத் தொடணும். ஸ்பேசர்னா பாரம் வெளிய தள்ளிப் போய் ஆக்சில் பேரிங் கூடுதலாச் சுமக்கும். போல்ட்டும் நீளமா மாத்தணும். பழைய போல்ட்டுல நாலு மரை பிடிச்சா போதும்னு ஓட்டுனா, சக்கரம் உங்களுக்கு முன்னாடியே வீடு போய்ச் சேரும்.

வழுக்கலை அளக்க ஒரு சின்ன வித்தை. டயர்ல சுண்ணாம்புக் கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிக்கிட்டு 10 சுத்து ஓட்டித் தூரத்தைக் குறிங்க. அதே தூரத்தைக் கலப்பையை இறக்கி ஓட்டுங்க. பதினொண்ணு, பதினொண்ணரை சுத்துனா நல்லது. பதிமூணுக்கு மேல போனா, டீசலு மண்ணைக் கிளறத்தான் ஆகுது. ஒரு சக்கரம் மட்டும் சுத்துனா டிஃப் லாக்கை மிதிங்க, வளைக்கும்போது மட்டும் விட்டுருங்க.

கண்மாய்த் தண்ணி நிக்கிற நெல் வயலுக்குக் கேஜ் வீல் மாட்டலாம். அதோட தார் ரோட்டுல ஏறாதீங்க, ரோடு நாசமாகும், வழக்கு வந்தா நான் ஜாமீனுக்கு வரமாட்டேன்.

சிக்குன வண்டியை எடுக்க, டிராபாருக்கு மேல சங்கிலியைக் கட்டி இழுக்கச் சொல்லிறாதீங்க. இழுக்குற வண்டி முன்பக்கம் தூக்கி அப்படியே முதுகு மேல கவுந்துரும், உசுரு போன ஆளு உண்டு. கலப்பையை முதல்ல கழட்டுங்க. டிராபார்ல தாழக் கட்டுங்க.

கரிசல் நனைஞ்சா ஊதும், காஞ்சா வெடிக்கும். மண்ணை ஒரு கை அள்ளி உருண்டை பிடிச்சுக் கீழ போடுங்க. உதிர்ந்தா இறங்குங்க. அப்பிக்கிட்டா இன்னும் ரெண்டு நாள் திண்ணையில உக்காருங்க, டீ நான் வாங்கித் தாரேன். அதுக்குள்ள ஸ்பேசரைக் கடையில திருப்பிக் குடுத்துருங்க. பில்லு பத்திரமா இருக்கில்ல?