புறப்பாட்டுத் தாமதவியல்: புதுச்சேரி அத்தை வீட்டை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

நெடும்பயணம் கிளம்புகிறவர்கள், கிளம்பிய கையோடு ஒரு சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்கிவிடுவது ஏன் என்பது இன்னும் முறையாக ஆராயப்படாத துறை. பயண நூல் எழுதுகிறவர்கள் காசியில் தொடங்குகிறார்கள், இமயமலையில் தொடங்குகிறார்கள்; அதற்கு முன்னால் அத்தை வீட்டில் மூன்று வேளை சாப்பிட்டதை எழுதுவதில்லை. பயணத்தின் மிகக் கனமான பகுதி இப்படி ஏடேறாமலே போய்விட்டது. அக்குறையைக் கொஞ்சமாவது போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரையறைகளை முதலில் முடித்துவிடலாம். ரயிலில் இரண்டு இரவாவது தூங்கினால்தான் அது நெடும்பயணம். இரண்டாம் முறை சோறு வைக்கும்போது கேட்காமல் வைக்கும் அதிகாரம் உள்ளவர் உறவினர். ‘கொஞ்சம் வைக்கட்டுமா?’ என்று கேட்பவர் நண்பர் வகையில் சேர்வதால் ஆய்வு எல்லைக்கு வெளியே நிற்கிறார். கடலோர நகரம் என்பது இங்கே புதுச்சேரி. கடல் சென்னையிலும் இருக்கிறது. ஆனால் அங்கே உறவினரே மின்சார ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பதால் விருந்தினரைத் தாமதப்படுத்த அவருக்கு நேரமில்லை. தாமதத்துக்கு ஓய்வு வேண்டும். அது பாண்டியில் தாராளமாகக் கிடைக்கிறது.

களத்தில் முதலில் எதிர்ப்படுவது ஒரு ரயில் புதிர். சென்னையிலிருந்து டெல்லிக்குத் தினமும் வண்டி உண்டு. புதுச்சேரியிலிருந்து டெல்லிக்கு வாரம் ஒருமுறைதான். அறிவுள்ள எவரும் சென்னையில்தான் ஏறுவார். இருந்தும் வாராந்திர வண்டியில் ஒரு கூட்டம் ஏறத்தான் செய்கிறது. உள்ளூர்க்காரர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுகிறவர்களில் கணிசமானோர், ‘இவ்ளோ தூரம் போறே, எங்க வீட்டுக்கு வராமலா போவே?’ என்ற வாக்கியத்தால் இங்கே இழுத்து வரப்பட்டவர்கள் என்பது என் கருதுகோள். வண்டி வாராந்திரம் என்பதில் வீட்டாருக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சியும் இருக்கிறது. தவறவிட்டால் ஏழு நாள். அத்தை இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் கிளம்பும் நாள் காலையில் இட்லிக்குப் பதில் பூரி போடுகிறார். பூரி ஒவ்வொன்றாகத்தான் வரும்.

இனி நகரத்தின் கடிகாரம். புதுச்சேரியின் பழைய கடைவீதிகளில் மதியம் ஒரு மணி வாக்கில் கதவை இழுத்துவிட்டு நான்கு மணிக்குத் திறக்கும் வழக்கம் இன்றும் பல கடைகளில் தொடர்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பழக்கம் என்று ஒரு சாராரும், வெயில் கற்றுக்கொடுத்தது என்று ஒரு சாராரும் சொல்கிறார்கள். மீன் குழம்புதான் காரணம் என்பது மாமாவின் கட்சி. பகல் உணவுக்குப் பிறகு அவர் கிடக்கும் கிடையைப் பார்த்தவர்கள் மூன்றாம் கட்சியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இதன் விளைவை ஒரு எடுத்துக்காட்டால் விளக்கலாம். பயணிக்குப் பெட்டியை இருக்கைக்கடியில் கட்டிவைக்கச் சங்கிலியும் பூட்டும் வேண்டும். காலையில் போயிருக்கலாம், காலையில் பூரி. பன்னிரண்டரைக்குச் செருப்பை மாட்டும்போது, ‘இப்ப போனா கடையைச் சாத்திடுவான், சாப்பிட்டுப் போலாம்’ என்கிறார் மாமா. சாப்பிடுகிறோம். சாப்பிட்டவன் தூங்காமல் இருப்பது இவ்வீட்டில் மரியாதைக் குறைவு. நான்கரைக்கு எழுந்தால் காபி, கூடவே முறுக்கு. ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் காலை ஏழரை வரைக்கும் நடப்பவர்களுக்குத்தான் அந்தச் சாலை. ‘ஆறு மணிக்கு பீச்சுக்குப் போகலேன்னா பாண்டிக்கு வந்ததுக்கே அர்த்தமில்ல’ என்று குடும்பமே கிளம்புகிறது. போகிற வழியில் மணக்குள விநாயகர். கோயில் யானை லட்சுமி இருந்தவரை அதனிடம் ஆசி வாங்காமல் எந்த விருந்தினரையும் ஊருக்கு அனுப்ப மாட்டார்கள். 2022 நவம்பரில் அது காலை நடைக்குப் போன இடத்தில் சரிந்து இறந்துபோனது. இப்போது வாசலில் நின்று ‘இங்கதான் நிக்கும்’ என்று சொல்வது அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதால் நேரக் கணக்கில் மாற்றம் ஏதுமில்லை. பிறகு காந்தி சிலை, 1836இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், சுண்டல், பாறைகளின்மேல் அலை மோதுவதைப் பார்த்தபடி மாமாவின் பணி ஓய்வுக் கதை. திரும்பும்போது பூட்டுக் கடை பூட்டியிருக்கிறது.

(மஞ்சள் சுவர் விடுதிகளில் தங்கி, அதே சுவர் முன்னால் படம் எடுத்துக்கொண்டு போகிற சுற்றுலாக்காரர்கள் இந்த ஊரைப் பார்த்ததாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. மதியம் மூன்று மணிக்கு மின்விசிறிக்குக் கீழே ஒரு பாயில் படுத்துக் கிடக்காதவன் பாண்டிக்கு வந்தவனே அல்லன்.)

இந்தத் தாமத வழக்கத்தின் தொன்மையைக் காட்டச் சான்றுகள் வலுவாகவே உள்ளன. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படை. அதாவது தொகை நூலில் சரிபாதி, எந்த வழியாகப் போனால் யார் சோறு போடுவார்கள் என்பதைச் சொல்ல ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவற்றுள் நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை நமக்கு நேரடியாகப் பொருந்தும். திண்டிவனத்துப் பக்கம் ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனைக் காணப் பாணன் போகும் வழியில் முதலில் தங்கிச் சாப்பிடும் ஊர் எயிற்பட்டினம். கடற்கரை ஊர், புதுச்சேரிக்கு வடக்கே உள்ள மரக்காணத்தை ஒட்டியது என்று பலர் கொள்கிறார்கள். வேலூரும் ஆமூரும் அதற்கு அப்புறம்தான். நெடுவழியின் தொடக்கத்தில் கடலோரத்தில் நிறுத்திச் சோறு போடுவது இப்பகுதியின் மரபு என்பது இதனால் பெறப்படும். அங்கே பாணனுக்குக் கிடைப்பது பழைய தேறலும் சுட்ட உலர்ந்த குழல் மீனும். மது, கருவாடு இரண்டிலும் இப்பகுதி அன்றிலிருந்தே தடம் மாறவில்லை என்பதைக் குறிப்பிட்டு மேலே செல்கிறேன்.

விடைபெறுதலுக்குப் பொருநராற்றுப்படையைத்தான் பார்க்க வேண்டும். கரிகாலன் அரண்மனையில் பல நாள் இறைச்சி தின்று பல் மழுங்கிப்போன பொருநன் ஒருநாள் மெல்ல, சொந்த ஊருக்குப் போகட்டுமா என்று கேட்கிறான். அரசன் கோபம் வந்தவன்போலப் பார்த்து, எங்களை விட்டுப் போகிறீர்களா என்கிறான். இரண்டாயிரம் ஆண்டு ஆகியும் இந்தக் காட்சியில் ஒரு வசனமும் மாறவில்லை. ‘என்னப்பா, அதுக்குள்ள பெட்டி கட்டிட்டே? எங்க வீட்டுச் சோறு புடிக்கலியா?’ என்கிறார் அத்தை. கோபம் உண்மையன்று என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் அதை உண்மை என்று கொண்டு ஒருவேளை கூடச் சாப்பிட்டாக வேண்டும் என்பதும் தெரியும்.

அரிக்கமேட்டுச் சான்றை இங்கே சேர்க்காவிட்டால் புதுச்சேரி அறிஞர்கள் வருத்தப்படுவார்கள். ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச் சாடிகளின் உடைந்த துண்டுகளும் இத்தாலிய மண்கலங்களும் கிடைத்தன. வணிகப் பண்டங்கள் என்று அவர் எழுதினார். வெறுங்கையோடு வரக்கூடாது என்று விருந்தினர் தூக்கி வந்தவை என்று நான் வாசிக்கிறேன். மேற்கிலிருந்து வந்த கப்பல்கள் பருவக்காற்றில் வந்து, காற்று திசை மாறும் வரை மாதக்கணக்கில் காத்திருந்துதான் திரும்பின. ‘இருந்துட்டுப் போங்க, காத்து மாறட்டும்’ என்று முதலில் சொன்ன குடும்பத்தின் வழித்தோன்றல்கள் இன்றும் இவ்வட்டாரத்தில் வசிப்பதை என் பெற்றோர் வழியில் நிறுவ முடியும்.

ஆனால் நம் கொள்கைக்கு மிகப் பெரிய ஆதாரம் பிரெஞ்சுக்காரர்கள். 1674இல் வந்தார்கள். நடுவில் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் அவர்களை வெளியே தள்ளிப் பார்த்தும் மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். ஆட்சியை ஒப்படைத்துக் கைகுலுக்கியது 1954 நவம்பர் 1. சட்டப்படி காகிதங்கள் முழுமையடைந்தது 1962 ஆகஸ்ட் 16. இடையில் ஏறத்தாழ எட்டு ஆண்டு. வரலாற்றாசிரியர்கள் இதற்குப் பாரிஸ் நாடாளுமன்றத்தைக் காரணம் காட்டுகிறார்கள். ‘சரி, அப்ப நாங்க கிளம்பறோம்’ என்று சொன்ன பிறகு வாசலில் நின்று பேசும் நேரம்தான் அது என்பது புதுச்சேரி வீடுகளை அறிந்த எவருக்கும் விளங்கும். ஒரு வல்லரசுக்கே படியிறங்க எட்டு ஆண்டு ஆகியிருக்கும்போது, படுக்கை வகுப்புப் பயணி ஒருவன் அரைமணி நேரத்தில் தப்பிக்க நினைப்பது பேராசை.

வாசற்பேச்சின் உள்ளமைப்பு தனி நூலுக்குரியது, சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளே இருந்தவரை பேசப்படாத சொத்துத் தகராறு, யாருக்கோ பெண் பார்த்தது, சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) வீட்டுப் பெரியவருக்குப் பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வருவது நின்றுபோய் மறுபடி வந்த கதை, எல்லாம் ஆட்டோ வந்து நின்ற பிறகே தொடங்கும். கரிகாலன் விருந்தினரின் பின்னால் ஏழடி நடந்து தேரேற்றியதாகப் பாட்டு சொல்கிறது. அத்தை தெருமுனை வரை வருகிறார். மாமா ரயில் நிலையத்துக்கே வந்து, வண்டி நகர்ந்த பிறகும் சன்னலோடு நடந்தபடி, ‘விழுப்புரத்துல எறங்கித் தண்ணி புடிக்காதே, வண்டிய விட்டுடுவே’ என்று அறிவுறுத்துகிறார். வண்டியை விட்டால் எங்கே திரும்பி வருவான் என்பதை அவர் யோசிக்காமல் இருந்திருக்க மாட்டார்.

பெட்டியின் எடை பற்றியும் ஒரு சொல். பயணி இவ்வீட்டுக்குக் கொண்டு வருவது ஒரு இனிப்புப் பெட்டியும் ஒரு சீப்பு வாழைப்பழமும். கொண்டு போவது புளிச்சோறு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய், டெல்லியில் கிடைக்காது என்று அத்தை உறுதியாக நம்பும் துவரம்பருப்பு, மூன்று பாலிதீன் உறைகளுக்குள் நெத்திலிக் கருவாடு. குளிர்சாதன ரயில்பெட்டியில் போகிறவருக்கு அந்த மூன்றாவது உறையும் போதாது. செங்கல்பட்டு தாண்டுவதற்குள் எதிர் இருக்கைக்காரர் மேலும் கீழும் பார்க்கத் தொடங்குவார். எயிற்பட்டினத்துப் பாணன் திறந்தவெளியில் நடந்து போனதால் அவனுக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது.

ஆய்வு நெறிப்படி இக்கட்டுரையின் கையெழுத்துப்படியை மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. துறையில் என்னைவிட அனுபவம் உள்ளவர் அத்தை ஒருவரே என்பதால் அவருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். ஆற்றுப்படைக்கு ‘உம்’ கொட்டினார். பிரெஞ்சுக்காரர்கள் பகுதியில் குக்கர் சத்தம் கேட்டது. அரிக்கமேட்டுக்கு மட்டும் நிறுத்தச் சொன்னார்.

‘அந்த ரோமாக்காரங்க அவ்ளோ தூரம் கப்பல்ல போனாங்களே, வழிக்கு என்னப்பா கட்டிக் குடுத்தாங்க?’

அகழாய்வு அறிக்கைகளில் இதற்கு விடை இல்லை.