பைனல், பைனல் 2, நிஜமான பைனல்

பெங்களூரு தொம்மலூர் அடுக்ககங்களில் ஐடி வேலைக்கு நடுவே பாட்டுப் போடும் தம்பிகள் ஏராளம். கிதாரும் கைபேசியுமாகப் பிறக்கிற டெமோவில் வரி இருக்காது, வெறும் 'தன்னன்னா'தான். பின்னணியில் குக்கர் விசில் இலவசம். பிறகு மெட்ரோனோம் வைத்துத் தாளத்தைத் திருத்தி, குரலுக்கு ஆட்டோடியூனில் இஸ்திரி போட்டு, மிக்ஸிங், மாஸ்டரிங் என்று மாதக்கணக்கில் இழுப்பார்கள். கோப்பின் பெயர்தான் வளரும்: 'பைனல்', 'பைனல் 2', 'நிஜமான பைனல்'. எல்லாம் முடிந்து கேட்கிற நண்பன் சொல்வான்: "மச்சி, டெமோவே நல்லா இருந்துச்சுடா."

அவனையும் குறை சொல்ல முடியாது. 2011இல் அனிருத் இசையில் தனுஷ் பாடிய 'கொலவெறி'யின் அரைவேக்காட்டு வடிவம் முதலில் இணையத்தில் கசிந்தது. அதற்குப் பிறகுதான், நவம்பர் 16 அன்று, முறையாக வெளியிட்டார்கள். ஊர் உலகமெல்லாம் பாடியது.

இதே தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. உளி பிடித்தவருக்கு 'அன்டூ' பொத்தான் கிடையாது. இருந்திருந்தால் கோயில் இன்னும் திறந்திருக்காது. தம்பிகளா, பாட்டை வெளியே விடுங்கள். கெடுப்பதற்கு ரீமிக்ஸ்காரர்கள் இருக்கிறார்கள்.