பிஸ்கட் கலர்

"கலரப் பாருங்கண்ணா" என்றுதான் ஆரம்பிப்பான். சாப்பிட்டீங்களா, வீட்ல சௌக்கியமா எல்லாம் கிடையாது. சட்டைப் பையிலிருந்து துணி சுற்றிய ஸ்பார்க் பிளக் ஒன்றை எடுத்துப் பிரித்து நம் மூக்குக்கு நேரே நீட்டுவான். கல்யாணப் பந்தியில் பாயசம் வரும் நேரத்தில் நீட்டியிருக்கிறான். துக்க வீட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நீட்டியிருக்கிறான்.

உங்கள் தெருவிலும் ஒருவன் இருப்பான். பழைய ஸ்ப்ளெண்டர் ஒன்றைச் சல்லிசாக வாங்கி, மட்கார்டு, சீட்டு, சைடு கவர் என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டு, 'பிட் பைக்' செய்துகொண்டிருப்பவன். பின்னால் 12 இன்ச், முன்னால் 14 இன்ச் சக்கரம். ஸ்போக்கை வெட்டி மரை போட லேத்துக்காரர், புது ஷாக் தேடப் புதுப்பேட்டை. போன தீபாவளிக்கே முடிய வேண்டிய வண்டி. "ஒரே ஒரு பார்ட்டுதாண்ணா பாக்கி."

பிட் பைக் என்பது ரேஸ் டிராக்கில் பிட்டுக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் ஓடியாட மெக்கானிக்குகள் வைத்திருந்த குட்டி வண்டி. இவனுக்கும் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கும் உள்ள உறவு டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்த்ததோடு சரி. இந்தக் குட்டி வண்டி வம்சத்தின் மூத்தவர்களில் ஒன்று, 1961இல் டோக்கியோ பக்கத்து டாமா டெக் என்ற கேளிக்கைப் பூங்காவில் குழந்தைகள் ஓட்டுவதற்காக ஹோண்டா செய்த இசட்100. சக்கரம் ஐந்தே இன்ச். நாற்பதை நெருங்கும் ஆள், தொப்பை டேங்கிலும் முழங்கால் ஹாண்டில்பாரிலும் இடிக்க உட்கார்ந்திருக்கும்போது அதை அவனிடம் சொல்ல எனக்கு மனசு வந்ததில்லை. சொன்னாலும் "ஸ்ப்ளெண்டர் இன்ஜினும் அதே ஹோண்டா கப் ஜாதிதாண்ணா, படுத்த சிலிண்டர்" என்பான். அது உண்மைதான். அவன் சொல்வதெல்லாம் உண்மையாக இருப்பதுதான் கடுப்பு.

பிளக் விஷயமும் உண்மைதான். முனை வெள்ளையாக இருந்தால் காற்று ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் ஜாஸ்தி. இரண்டுக்கும் நடுவே பிஸ்கட் கலர் வர வேண்டும். அவனுக்கு வருவதில்லை. வண்டி வாங்கியபோது கம்பெனிக்காரன் கொடுத்த பிஸ்கட் கலர் அதில் இருந்திருக்கும். இவன் சைலன்சரை மாற்றினான், வெள்ளை. கார்புரேட்டரில் பெரிய ஜெட் போட்டான், கரி. ஏர் பில்டர் டப்பாவைத் தூக்கிவிட்டுக் கூம்பு பில்டர் மாட்டினான், மறுபடி வெள்ளை. அதைவிடப் பெரிய ஜெட், மறுபடி கரி. இதற்கு நடுவில் "கொஞ்சம் பிக்கப் வேணும்ணா" என்று முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லைக் குறைத்ததைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவன் பேசுவான்.

அந்தக் கலரையும் சும்மா பார்க்க முடியாதாம். வண்டி நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தால் பிளக் பொய் சொல்லுமாம். முழு ஆக்சிலேட்டரில் ஓடவிட்டு, ஓட்டத்திலேயே இன்ஜினை அணைத்து, கிளட்சைப் பிடித்து உருட்டி நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் கழற்ற வேண்டும். இதற்கு அவன் தேர்ந்தெடுத்த நேரம் ஞாயிறு காலை ஆறு மணி. பிள்ளையார் கோயில் முனையிலிருந்து ரேஷன் கடை வரை ஒரு அலறல், பிறகு சட்டென்று நிசப்தம், பிறகு "ஸ்... ஆ!" என்று விரல் சுட்ட சத்தம். ஜெட்டை மாற்றி, மறுபடி முதலிலிருந்து.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. மேல்வீட்டுப் பெரியவர் பைபாஸ் செய்துகொண்டு வந்திருக்கிறார். எதிர்வீட்டில் கைக்குழந்தை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் திருத்திய 182ஏ பிரிவு, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. வண்டிக்குக் கொடுத்த விலையை ஹாண்டில்பார், சைலன்சர், சக்கரத்துக்கான அபராதமே தாண்டிவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.

"அது ரோட்டுல ஓட்டுனாத்தாண்ணா. இது நம்ம தெருதானே?"

ஆனாலும் அவனை முழுசாகத் திட்ட முடியவில்லை. போன மழையில் ராத்திரி என் கிழட்டு ஸ்கூட்டர் பாலத்தடியில் நின்றுவிட்டது. போன் செய்தேன். சாப்பாட்டில் பாதியில் எழுந்து வந்திருக்கிறான். கையில் ரசம் காயவில்லை. என்னைக் குடை பிடிக்கச் சொல்லிவிட்டு, பிளக்கின் மூடியை இழுத்துத் தண்ணீரைத் துடைத்து, பிளக்கைக் கழற்றி மொபைல் வெளிச்சத்தில் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்னப்பா, போயிடுச்சா?"

"அண்ணா... பிஸ்கட்டுண்ணா."

எந்த ஜெட்டையும் தொடாத, சர்வீஸுக்கே ஒழுங்காகப் போகாத என் வண்டியில்! வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பையில் இருந்த தன் பிளக்கை எனக்கு மாட்டிவிட்டான். "அளவு சரியா உக்காருதுண்ணா." காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

இப்போது கல்யாண வீடுகளில் அவன் நீட்டும் பிளக் என்னுடையது. "நம்ம வண்டி கலரப் பாருங்க" என்கிறான். நான் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அவன் மாட்டிய பிளக்கில் என் ஸ்கூட்டர் தினம் காலையில் உதை வாங்காமல் கிளம்புவதில்லை. கேட்டால், ஜெட்டை மாற்றினால் சரியாகிவிடுமாம். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைப்பக்கம் வரச் சொல்லியிருக்கிறான்.