ஏரி காக்க சங்கம் ஆரம்பிக்கிற தம்பிக்கு

வா தம்பி, உக்காரு. பேரு வெச்சாச்சு, லோகோ போட்டாச்சு, டி-ஷர்ட்டும் அடிச்சாச்சுன்னு சொல்ற. பாக்கி ஏரி ஒண்ணுதான். அது எங்க ஓடிடப்போவுது, மெதுவா வந்து பாத்துக்கலாம்.

சமூகம், கலாச்சாரம், சுற்றுச்சூழல் மூணையும் இணைக்கப்போறதா நோட்டீஸ்ல போட்டிருக்க. பேஷ். மூணும் எப்பப் பிரிஞ்சுதுன்னு யாரையாவது கேட்டியா? பொத்தேரிப் பக்கம் நஞ்சையெல்லாம் பிளாட்டு ஆனப்புறம் மடையத் தெறக்கச் சொல்லி எவன் வந்து நிப்பான்? தண்ணி வேணும்னா லாரிக்கு போன் போடுறான்.

மூணும் பிரியாத எடம் பாக்கணும்னா தெக்கால வேடந்தாங்கலப் போய்ப் பாரு. வெள்ளக்காரன் காலத்துல சிப்பாய்ங்க துப்பாக்கியோட வந்து பறவ சுட்டானுங்க. ஊர்ச்சனம் கலெக்டர்கிட்ட மல்லுக்கு நின்னுது. 1798ல லயோனல் பிளேஸ்ங்கிற கலெக்டரு, பறவயக் காக்குற உரிம உங்களுதுன்னு கவுல் பத்திரமே எழுதிக் குடுத்துட்டாரு. என்னா அவ்ளோ கருணையா? கருணையும் இருக்கும், இல்லேங்கல. பறவ எச்சம் கலந்த ஏரித்தண்ணி மடை வழியா நெல்லுக்குப் பாயுது பாரு, அது ஓசி உரம்! ஆதாயம் கண்ணுக்குத் தெரிஞ்சுது, காவலும் நின்னுது. 2022ல ராம்சார் ஈரநிலப் பட்டியல்ல பேரு ஏறினதெல்லாம் அப்புறம் வந்த மரியாத.

அதே பிளேஸ் தொரதான் மதுராந்தகத்துக் கதையிலயும் வர்றாரு. அடமழையில ஏரிக்கரை ஒடையப்போவுதுன்னு ராத்திரி பாக்கப் போனா, ராமனும் லட்சுமணனும் வில்லோட கரையில காவல் நின்னாங்களாம். அதனால ஏரி காத்த ராமர். நம்புறது உன் இஷ்டம். ஆனா ஊருக்குப் பயம் வந்தப்ப சாமிய எங்க நிக்க வெச்சுது பாத்தியா? கரை மேல. நீ தொடக்க விழாவுக்குப் பொய்க்கால் குதிர வாடகைக்குப் பேசிட்டு, கலாச்சாரம்னு கணக்கெழுதி வெச்சிருக்க. ரசீது பத்திரம்.

இன்னொண்ணு. பாம்புத் தோல் வியாபாரத்தச் சர்க்கார் நிறுத்தினப்ப நம்ம இருளருங்க பொழப்பு போச்சு. பாம்பப் பத்தி பாடம் நடத்த அவங்களுக்கு ஆள் வேணாம். 1978ல வடநெம்மேலியில அவங்களையே சேத்து கூட்டுறவு சங்கம் வெச்சாங்க. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் புடிச்சு, விஷத்த எடுத்துட்டு, திரும்பக் காட்டுலயே வுட்டுடுறது. அந்த விஷத்துலதான் விஷமுறிவு மருந்து. 2023ல இருளருங்க ரெண்டு பேரு, வடிவேல் கோபாலும் மாசி சடையனும், பத்மஸ்ரீயே வாங்கினாங்க. உன் நோட்டீஸ்ல ‘பழங்குடி விழிப்புணர்வு முகாம்’னு ஒண்ணு பாத்தேன். யாருக்கு விழிப்பு வரப்போவுதுன்னுதான் யோசிச்சிக்கினு இருக்கேன்.

ஏரி வேலயும் சொல்லிடுறேன். ஆகாயத்தாமரைய இழுத்துப் போட்டு, கைகோத்து போட்டோ எடுத்துப்பீங்க. எடு, வேணாங்கல. ஆனா குவியல அப்படியே கரையோரம் வுட்டுட்டுப் போனா, அடுத்த மழையில அதுவே சறுக்கி உள்ள எறங்கி, உங்களுக்கு அடுத்த வருச புரோகிராமும் ரெடி. ஜேசிபி வந்தா ஓரத்தையும் கெணறாட்டம் செங்குத்தா வெட்டிடுவான். நாரையும் கொக்கும் முழங்கால் தண்ணியிலதான் மீன் பொறுக்கும். மாடும் சரிவுலதான் எறங்கும். ஆழம் நடுவுல இருக்கட்டும், ஓரம் சாய்வா இருக்கட்டும். இத எஞ்சினியர் சொன்னதாவே போட்டுக்க, எனக்கு ஒண்ணும் மனத்தாங்கல் இல்ல.

சங்கம் பதிய ஏழு பேரு வேணும், ஆறு பேரு காலேஜ் பசங்க, ஏழாவதா என் பேரக் கேக்குற. நான் வேணாம்ப்பா. ஏரிக்கரையில மாடு மேய்க்குதே ஒரு அம்மா, அத சேத்துக்க. தண்ணி ஏறுனதும் தெரியும், ராத்திரியில எந்த லாரி மண்ணு கொட்டுதுன்னும் தெரியும். ஒரே ஒரு சிக்கல், மீட்டிங்க விடியகால அஞ்சு மணிக்குக் கரை மேல வெக்கச் சொல்லும். உன் தலைவரு எத்தன மணிக்கு எழுந்திருப்பாரு?